கலீசியாவில் இரவு: சாந்தா கொம்பாஞா, சான் ஷோவான் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈரமண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில் இருக்கிறேன். சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில் ஆராய்ச்சிப் படிப்பு. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் உல்யா ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மாடி அறை எடுத்திருக்கிறேன். கீழே வீட்டுக்காரப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். கோழி வளர்க்கிறார், கொல்லையில் ஆளுயரத்துக்குக் கோசுக்கீரை நிற்கிறது. என்னிடம் கலீசிய மொழியில்தான் பேசுவார். எனக்குப் பாதி புரியும்.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு வர ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு பக்கமும் பாசி பிடித்த கருங்கல் சுவர், மேலே ஓக் மரங்கள் கூடி நிற்கும். நடுவில் வழிகள் பிரியும் இடத்தில் உயரமான கல் சிலுவை. பக்கத்திலேயே சுவரில் பதித்த ஒரு கல் மாடம். அதில் தீக்குள் இடுப்பளவு நின்று கையைத் தூக்கிக் கும்பிடும் மனிதர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே இரும்புக் கம்பி போட்ட ஒரு பொந்து, காசு போடும் அளவுக்கு. யாரோ அதில் தவறாமல் பூ வைக்கிறார்கள்.

போன மாதம் ஒரு நாள் கடைசிப் பேருந்தில் இறங்கி அந்த வழியாக நடந்து வந்தேன். பாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “ராத்திரி வழியில் வரிசையாக விளக்கு தெரிந்தால், யார் எதை நீட்டினாலும் வாங்காதே. சிலுவைப் படியில் ஏறி நின்றுகொள்.” மறுநாள் கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டார். வார இறுதியில் வரும் பேரன் “சாந்தா கொம்பாஞா” என்று சொல்லிச் சிரித்தான். ஆனால் இருட்டிய பிறகு அவனும் அந்த வழியாக வருவதில்லை, தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு வருகிறான்.

இது என்ன? இப்போதும் நம்புகிறார்களா? அந்தக் கல் மாடத்தில் நான் காசு போடலாமா? நான் கிறிஸ்தவள் இல்லை. அப்புறம் ஜூன் 23 சாயங்காலம், சான் ஷோவான் இரவுக்காகச் செடி பறிக்க என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். அந்த இரவில் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சும்மா வேடிக்கை பார்க்கப் போனது போல ஆகிவிடக்கூடாது என்று கவலையாக இருக்கிறது.

பாதயாத்திரைக்காரன் பதில்:

நான் சாரியாவிலிருந்து சந்தியாகோ வரை நடந்திருக்கிறேன், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் தங்கிய விடுதி ஒன்றில் கெய்மாதா செய்து காட்டினார்கள். மண் சட்டியில் சாராயம், சர்க்கரை, எலுமிச்சைத் தோல், காப்பிக்கொட்டை போட்டுக் கொளுத்துவார்கள். விளக்கை அணைத்துவிட்டு நீலச் சுடரைக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றும்போது ஒருவர் மந்திரம் படிப்பார். ஆந்தை, தேரை, சூனியக்காரி என்று வரிசையாகக் கூப்பிட்டு விரட்டுவது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய கெல்ட்டுப் பூசாரிகளின் மந்திரம் என்று சொன்னார்கள். அதைத் தவறவிடாதீர்கள். சாந்தா கொம்பாஞா என்பது பிள்ளைகளை இருட்டில் வெளியே விடாமல் இருக்கச் சொன்ன பேய்க்கதை. இப்போது கடைகளில் சட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். பயப்பட எதுவும் இல்லை.

செதெய்ரா மருமகன் பதில்:

தங்கச்சி, நான் தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்காரன். கப்பலில் வேலை பார்த்து, இங்கே கல்யாணம் செய்து, கலீசியாவின் வடகோடியில் செதெய்ரா என்ற துறைமுக ஊரில் தங்கிவிட்டேன். மீன் ஏலக்கூடத்தில் வேலை. விடியுமுன்பே எழுந்து இருட்டில் நடந்து போகிறவன். அதனால் இந்த ஊர் இரவைப் பற்றி என் மாமியார் எனக்குச் சொன்னதெல்லாம் எனக்கு வெறும் கதை இல்லை.

முதலில் அந்த மந்திரம். பாதயாத்திரைக்காரன் ஐயா, கெய்மாதாவின் சுடர் அழகுதான், நானும் ஆசையாகக் குடிப்பவன். ஆனால் அந்த மந்திரம் 1967-ல் வீகோ நகரத்தில் மரியானோ மார்க்கோஸ் அபால் என்பவர் எழுதியது. இன்று எங்கும் விற்கும் அந்த மூன்றுகால் மண் சட்டிகூட 1955-ல் தீத்தோ ஃப்ரெய்ரே என்பவர் வடிவமைத்தது. சாராயத்தைக் கொளுத்திச் சளிக்குக் குடிக்கும் பழக்கம் அதற்கு முன்பே வீடுகளில் உண்டு, அவ்வளவுதான். பாட்டி வாசலில் நின்று சொன்னது வேறு கணக்கு. அதைச் சட்டையில் அச்சடித்த படத்தோடு சேர்க்காதீர்கள்.

சாந்தா கொம்பாஞாவை என் மாமியார் சொல்கிறபடியே சொல்கிறேன். முதலில் ஒரு குளிர்காற்று வரும். பிறகு மெழுகு வாசனை. ஊர் நாய்கள் ஊளையிடும். அப்புறம் இரண்டு வரிசையாக மெழுகுவர்த்தி வெளிச்சம். அந்த மெழுகுவர்த்தியைப் பிடித்து நடப்பவர்கள் அந்தப் பங்கில், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்த ஊரில், இறந்துபோனவர்கள். சிலருக்கு வெளிச்சம் தெரியும், சிலருக்கு வாசனை மட்டும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஞானஸ்நானத்தின்போது சாமியார் கைதவறி, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டால் அந்தக் குழந்தை வளர்ந்து எல்லாவற்றையும் பார்க்கும் என்பார்கள்.

இந்த ஊர்வலத்தில் முன்னால் போகிறவர் உயிரோடு இருப்பவர் என்பதுதான் முக்கியம். அதே பங்கைச் சேர்ந்த ஒரு ஆள். ஒரு கையில் சிலுவை, மறு கையில் தீர்த்தச் சட்டி. தூக்கத்திலிருந்து எழுந்து போவார், திரும்பிப் பார்க்கக் கூடாது, காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆனால் நாளுக்கு நாள் முகம் வெளுத்து மெலிந்துகொண்டே வருவார், மருத்துவருக்கும் காரணம் தெரியாது. பங்கின் பாதுகாவலர் ஆண் புனிதர் என்றால் முன்னால் போவது ஆண், பெண் புனிதை என்றால் பெண் என்று சில இடங்களில் சொல்வார்கள். அவருக்கு விடுதலை வேண்டுமென்றால் ஒரே வழி: எதிரே வரும் இன்னொரு உயிருள்ள ஆளின் கையில் சிலுவையைக் கொடுப்பது. பாட்டி “எதையும் வாங்காதே” என்று சொன்னது இதற்காகத்தான்.

தப்பிக்கும் வழிகளையும் பாருங்கள். சிலுவைத் தூணின் படியில் ஏறிவிட்டால் அவர்களால் உங்களைத் தொட முடியாது. வழியில் ஏதும் இல்லையென்றால் தரையில் வட்டம் கீறி அதற்குள் நில், அல்லது குப்புறப் படுத்து அவர்கள் கடந்து போகட்டும் என்று இரு. நீட்டினால் “என்னிடம் சிலுவை இருக்கிறது” என்று சொல், கை வெறுமையாக இருக்கக் கூடாது. சிலர் மெழுகுவர்த்தியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் அது மனித எலும்பாக இருக்கும் என்பதும் உண்டு. ஓடு என்று எவரும் சொல்வதில்லை, விரட்டு என்றும் சொல்வதில்லை. ஒதுங்கி வழிவிடச் சொல்கிறார்கள். எதிரே வருவது தெரிந்த முகங்கள், அதனால்தான்.

பங்கு என்றால் இங்கே என்ன என்று புரிந்தால் இதெல்லாம் தெளிவாகிவிடும். கலீசியாவில் சுமார் 3,700 பங்குகள் உண்டு. வீடுகள் மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். எல்லோரையும் ஒரே ஊராகச் சேர்ப்பது கோயிலும் அதை ஒட்டிய கல்லறையும்தான். பாட்டி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியிலேயே அம்மா, அப்பா, கணவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். அவர்களில் யாருக்காவது செய்வதாகச் சொன்ன பூசை நடக்காமல் இருக்கலாம், ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கலாம், நிலத்தின் எல்லைக்கல்லைச் சத்தமில்லாமல் நகர்த்தியவர் இருக்கலாம். அந்தப் பாக்கியோடு அவர்கள் இரவில் நடக்கிறார்கள். பகலில் வழி உயிரோடிருப்பவர்களுக்கு, இரவில் அவர்களுக்கு. பாட்டி உங்களிடம் சொன்னது அந்தப் பங்கில் இருக்கிற ஒருவருக்குச் சொல்ல வேண்டிய முறை. வெளியூர்க்காரர்களுக்கு இதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். உங்களைத் தன் பங்கு ஆளாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

என் ஊர்ப்பக்கம் இதைவிடக் கண்ணெதிரே தெரியும். செதெய்ராவிலிருந்து கொஞ்ச தூரத்தில், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி அறுநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறைச்சரிவுகளின் பக்கத்தில், சான் அந்த்ரேஸ் தெ தெய்ஷீதோ என்ற சின்னக் கோயில் இருக்கிறது. புனித அந்திரேயா இங்கே படகில் வந்து இறங்கினார், எல்லோரும் சந்தியாகோவில் இருக்கும் சந்தியாகப்பரைப் பார்க்கத்தான் போகிறார்கள், என்னிடம் யாரும் வருவதில்லை என்று ஆண்டவரிடம் முறையிட்டார். உலகம் இருக்கும்வரை எல்லோரும் உன்னிடம் வருவார்கள், உயிரோடு வராதவர் செத்த பிறகு வருவார் என்று வாக்குக் கிடைத்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த சொலவடை அது: உயிரோடு போகாதவன் தெய்ஷீதோவுக்குச் செத்துத்தான் போவான்.

அப்படிப் போகும் ஆத்துமாக்கள் பாம்பாக, பல்லியாக, தேரையாக ஊர்ந்து போகின்றன. அதனால் அந்த வழியில் எந்த ஊர்வனவற்றையும் மிதிக்கக் கூடாது. சாலையில் ஓணான் குறுக்கே வந்தால் என் மாமியார் வண்டியை நிறுத்தச் சொல்வார், நானும் நிறுத்துவேன். இறந்தவர் உயிரோடிருந்தபோது வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் விட்டிருந்தால், உறவினர் கல்லறைக்குப் போய் “வா, இன்றைக்குப் போகலாம்” என்று கூப்பிட்டு, பேருந்தில் அவருக்கும் ஒரு சீட்டு எடுத்து, பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்து, வழியெல்லாம் எந்த ஊர் வந்தது என்று சொல்லிக்கொண்டே போவதும் உண்டு. வழியோரத்தில் கற்குவியல்கள் இருக்கும், போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் போட வேண்டும். கோயிலுக்குக் கீழே மூன்று குழாய் ஊற்று. அதில் ரொட்டித் துணுக்கைப் போட்டு மிதந்தால் வேண்டுதல் பலிக்கும். ரொட்டி மாவில் படகு, கை, மீன், புறா என்று செய்து வர்ணம் பூசி விற்பார்கள். அடுத்த விடுமுறையில் கட்டாயம் வாருங்கள், வழி நான் சொல்கிறேன்.

நம்புகிறார்களா என்று கேட்டீர்கள். மாமியாரிடம் நேரடியாகக் கேட்டால் கரண்ட் வந்த பிறகு கொம்பாஞா வருவதில்லை என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி இருக்காது, யாரோ வரவேண்டியவர் வராமல் நின்றுவிட்டது போலத்தான் சொல்வார். நவம்பர் 1 இரவு, அதாவது கல்லறைத் திருநாளுக்கு முந்தைய இரவில், அடுப்பை முழுக்க அணைக்க மாட்டார். மேசையிலேயே ரொட்டியும் கொஞ்சம் சாப்பாடும் விட்டு வைத்திருப்பார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. வீட்டில் யாரும் கேட்பதில்லை.

காசு போடுவது பற்றி: தாராளமாகப் போடலாம். மதம் யாரும் கேட்க மாட்டார்கள். பூ வைப்பது பாட்டியாகவே இருக்கலாம்.

ஏட்டுக்கட்டு பதில்:

மருமகன் அண்ணன் எழுதியதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நான் ஐரோப்பிய வரலாறு பாடம் நடத்துபவள்.

அந்தக் கல் மாடத்துக்குப் பெத்தோ தெ ஆனிமாஸ் என்று பெயர். ஆத்துமாக்களின் உண்டியல். தீயில் நிற்பவர்கள் நரகத்தில் இல்லை, மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் பாவம் தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் கையைத் தூக்கிக் கேட்கிறார்கள். நரகத்தில் இருப்பவருக்குக் கேட்டுப் பயனில்லை. 1545 முதல் 1563 வரை நடந்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் உத்தரிக்கிற ஸ்தலக் கொள்கையை உறுதிப்படுத்திய பிறகு இந்த வழிபாடு பரவியது. ஆத்துமாக்களுக்கென்று சபைகள் வந்தன, உண்டியல் மாடங்கள் வழிச்சந்திகளில் கட்டப்பட்டன. விழுந்த காசு பூசைக்குப் போனது. காசு இல்லாதவர்கள் சோளம், எண்ணெய், மெழுகுவர்த்தி வைத்தார்கள். ஆக, இரவில் நடக்கும் ஆத்துமாக்கள் மேல் இருந்த அச்சத்தால் கோயிலுக்கு வருமானமும் இருந்தது. ஏழைக் குடியானவர்கள் தங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது. இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சாகக்கிடப்பவருக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கச் சாமியார் இரவில் மணியோடும் மெழுகுவர்த்தியோடும் ஊர்வலமாகப் போவார். தூரத்துச் சரிவிலிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் மறுநாள் ஒரு சாவுச் செய்தி கேட்டிருப்பார்கள். கொம்பாஞா வந்த வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கையில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

இரவு நம்பிக்கை எப்போதும் மென்மையாகவே இருந்ததில்லை என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மனுவேல் பிளாங்கோ ரோமாசாந்தா, 1809-ல் ஓரென்சே மாகாணத்தில் பிறந்த ஊர்சுற்றும் வியாபாரி. மலைவழியாகக் கூட்டிப் போவதாகச் சொல்லிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவர். 1852-ல் பிடிபட்டபோது, தன் மேல் ஒரு சாபம் இருக்கிறது, தான் ஓநாயாக மாறித்தான் கொன்றேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அல்லாரிஸ் நீதிமன்றம் 1853-ல் மரண தண்டனை விதித்தது, பிறகு அரசி இரண்டாம் இசபெல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். செத்தவர்களின் கொழுப்பை எடுத்து விற்றான் என்றும் ஊரில் பேச்சு இருந்தது. லோபிஷோமே என்ற ஓநாய் மனிதன் கதை ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் அந்த ஆள் அதை வாதமாக வைக்க முடிந்தது. ஏமாந்து அவரோடு போனவர்கள் வறுமையால் வேலை தேடிப் போன பெண்கள். பாட்டி இரவில் கவலைப்படுவதில் இந்த ஞாபகங்களும் எங்கோ இருக்கலாம்.

ஈரமண்:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மருமகன் அண்ணா, நேற்று மாடத்தில் காசு போட்டேன். பாட்டி பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடும்போது தன் அம்மா ராத்திரி நூல் நூற்கப் போன கதையை ஆரம்பித்தார். பாதிதான் புரிந்தது.

ஜூன் 23 பற்றி யாரும் சொல்லவில்லையே. பூந்தொட்டிகளை அன்று சாயங்காலமே உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். அது எதற்கு? அப்புறம், பேரன் லா கொருஞா கடற்கரைக்குக் கூப்பிடுகிறான், பாட்டி ஊரில் இருக்கச் சொல்கிறார். எதற்குப் போகட்டும்?

செதெய்ரா மருமகன் பதில்:

ஏட்டுக்கட்டு டீச்சர் சொன்ன பணக்கணக்கு சரிதான். அதை நான் மறுக்க மாட்டேன். என் மாமியாரின் அம்மா பூசைக்குக் கொடுத்த காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கலாம் என்று வீட்டிலேயே பேசுவார்கள். ஆனால் சாமியாரின் கட்டுப்பாட்டுக்குள் இது முழுக்க இருந்ததும் இல்லை. அந்த நூற்கும் இரவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி ஆளி நார் நூற்பார்கள், அதற்குப் பெயர் ஃபியாதா. வேலை முடியும் நேரத்துக்கு இளைஞர்கள் தம்பட்டத்தோடு வந்து சேருவார்கள். பாட்டு, ஆட்டம், கதை, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். இலையுதிர் காலத்தில் சோளக்கதிர் உரிக்கும் இரவுகளும் அப்படித்தான். திருச்சபை இதைக் கண்டித்தும் நிற்கவில்லை. கொம்பாஞா கதையெல்லாம் அந்த அடுப்பங்கரையில்தான் வளர்ந்தது. கதையைக் கேட்டுவிட்டு அதே இருட்டில் வீட்டுக்கு நடக்க வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பாட்டி அதை ஆரம்பித்துவிட்டார் என்றால் விடாதீர்கள். கைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள், அனுமதித்தால் முழுவதையும் பதிவு செய்துவிடுங்கள். புரியாததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சான் ஷோவான். ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு முந்தைய இரவு. இந்த ஒரு இரவில் எல்லாம் தலைகீழ். மற்ற இரவுகளில் கதவைச் சாத்துகிறவர்கள் இன்று வெளியே இருக்கிறார்கள். ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி தாண்டிவிடும், அதனால் தீ மூட்டுவது பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான்.

லா கொருஞாவில் ரியாசோர், ஓர்சான் கடற்கரைகள் முழுக்கத் தீ எரியும், பெருங்கூட்டம். அதையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வருடம் பாட்டியோடு இருங்கள். நகரத்துத் தீ அடுத்த வருடமும் எரியும், எண்பது தாண்டியவர் கூப்பிட்டுச் செடி பறிக்கப் போவது அப்படியில்லை.

சாயங்காலம் பறிக்கும் செடிகள் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் வீட்டில் பெருஞ்சீரகத் தழை, எலுமிச்சை மணம் வரும் லூயிசா இலை, ரோஸ்மேரி, மஞ்சள் பூப்பூக்கும் சான் ஷோவான் செடி, மால்வா, ஆண் பெரணி, ரோஜா இதழ். எல்லாவற்றையும் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் போட்டு இரவு முழுக்க வெளியே திறந்து வைப்பார்கள். பனித்துளி அதில் இறங்க வேண்டும், அதுதான் மருந்து. சில ஊர்களில் ஏழு ஊற்றுகளின் தண்ணீர் வேண்டும் என்பார்கள். காலையில் வீட்டிலுள்ள எல்லோரும் அதில் முகம் கழுவ வேண்டும். கண்ணேறு, சூனியக்காரி வைத்த கேடு, தோல் நோய் எல்லாம் போகும் என்று நம்பிக்கை. எனக்கு அந்த வாசனை ஒன்றே போதும், அன்று ஏலக்கூடத்தில் மீன் நாற்றத்துக்கு நடுவிலும் என் கையில் அது இருக்கும்.

தீயை ஒற்றைப்படை எண்ணிக்கையில் தாண்டுவார்கள், மூன்று, ஏழு, ஒன்பது. தீ தணிந்து சிறிதான பிறகு தாண்டுங்கள். பாலியெஸ்டர் துணி வேண்டாம், பருத்தி போடுங்கள். வயதானவர்கள் தாண்ட முடியாது, அவர்களுக்காக இன்னொருவர் தாண்டுவது உண்டு. பாட்டி கேட்டால் அவருக்காகவும் தாண்டுங்கள்.

பூந்தொட்டி விஷயம்: அன்று இரவு ஊர்ப் பையன்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கிப் போய் ஒளித்து வைப்பார்கள். தொட்டி, ஏணி, வேலிக் கதவு, ஒரு காலத்தில் மாட்டு வண்டியையே கழற்றிக் கோயில் வாசலில் கொண்டுபோய்ப் பூட்டி நிறுத்தினார்கள். மறுநாள் ஆளுக்காள் தங்கள் பொருளைத் தேடிப் போக வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போது பல ஊர்களில் அதைச் செய்யப் பையன்களே இல்லை. பாட்டி இன்னும் தொட்டியை உள்ளே எடுக்கிறார் என்பதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. உங்கள் ஊரில் எத்தனை இளைஞர்கள் மிச்சம் என்று தெரியவில்லை. பேரனிடம் சொல்லி ஒரு தொட்டியையாவது இரவோடு இரவாகப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், பாட்டிக்கு அதைவிடப் பெரிய பரிசு கொடுக்க முடியாது.

சாப்பாட்டுக்கு மத்தி. தணலில் சுட்டு, சோள ரொட்டித் துண்டின் மேலேயே வைத்துக் கையால் சாப்பிட வேண்டும். சான் ஷோவானுக்கு மத்தி ரொட்டியை நனைக்கும் என்பது இங்கே பழமொழி. அந்தப் பருவத்தில்தான் மத்தியில் நெய் ஏறியிருக்கும், ஏலத்தில் விலையும் அந்த வாரம் ஏறிவிடும். ரொட்டியை யாரும் எறிய மாட்டார்கள், அதுதான் கடைசியில் ருசி. நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கீழே உள்ள ரொட்டியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தச் சமயத்தில் வழியோரமெல்லாம் ஊதா நிறத்தில் மணி மணியாகத் தொங்கும் ஒரு பூ நிற்கும், டிஜிடாலிஸ். பார்க்க அழகாக இருக்கும், பல ஊர்களில் அன்றைய பூங்கொத்திலும் சேர்ப்பார்கள். இதயத்தைப் பாதிக்கும் விஷம் அதில் உண்டு. முகம் கழுவும் தண்ணீரில் அதைப் போடலாமா என்று பாட்டியிடம் கேட்காமல் நீங்களாகப் பறித்துப் போட்டுவிடாதீர்கள். அவர் எந்தெந்தச் செடி பறிக்கிறார், எதை எந்தப் பெயரில் சொல்கிறார் என்று குறித்துவைத்து இங்கேயே எழுதுங்கள். உல்யாப் பக்கப் பட்டியல் எங்கள் பட்டியலிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்று என் மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.